ஒரே பெயரில் இரண்டு முகவரி

கண்ணாடியைக் கழற்றுகிறார். சட்டை நுனியால் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்கிறார். பிறகு திரையில் இருக்கும் சிவப்பு எழுத்தை அறை முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படிக்கிறார்.

"டூப்ளிகேட் காலம் நேம். டேட்."

படித்து முடித்துவிட்டு, அந்தப் பிழையை வரவழைத்த ஆளைத் திரும்பிப் பார்க்கிறார். "என்ன சொல்லுது? அட்டவணையில ஒரே பேர்ல ரெண்டு காலம், ரெண்டு பத்தி இருக்குங்குது. எந்தப் பேருன்னும் சொல்லுது, டேட்டுன்னு. இதுக்கு மேல அது என்னய்யா பண்ணும்? உன் வீட்டுக்கு வந்து கதவத் தட்டிச் சொல்லுமா?"

எதிரே நிற்பவர் வாயே திறப்பதில்லை. திறந்தால் அந்த வேளை முழுக்க அதிலேயே போய்விடும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அலுவலகம் என்றால் பெரிதாக ஏதும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறை. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேசைகள் லேசாக நடுங்கும். மூச்சு விடச் சிரமப்படுகிறவர்களின் வீட்டுக்கே ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய் இறக்குகிற நிறுவனம் அது. யாருக்குச் சிலிண்டர், எந்தத் தெரு, எப்போது தீரும், பில்லை யார் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் கணினிக்குள் அட்டவணை அட்டவணையாகக் கிடக்கிறது. அந்த அட்டவணைகளைக் கட்டி மேய்ப்பதுதான் இவர் வேலை. மேய்க்கிற வேலையில் பாதி நேரம் கத்துவதில் போகிறது.

அவரை அங்கே 'நட்சத்திரம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். புகழ்ச்சி என்று எண்ணிவிடாதீர்கள், சுத்தமான கேலி. கணினியிடம் தகவல் கேட்கும்போது வேண்டிய பத்திகளின் பெயரை ஒவ்வொன்றாக எழுதிக் கேட்கலாம். அதற்குச் சோம்பல்பட்டால் ஒரே ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு, 'இருக்கிறதை எல்லாம் கொட்டு' என்றும் கேட்கலாம். அந்தக் குறியைக் கண்டாலே இவருக்கு ஆகாது. அடுத்தவர் எழுதியதில் இருந்தாலும் தேடிப் பிடித்து அழிப்பார்.

"ஒரு டேபிள்னா போட்டுத் தொலைங்க, நான் கேக்கல. ரெண்டு டேபிள ஒட்டுறப்ப நட்சத்திரம் போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? இதுல ஒரு டேட்டு இருக்கும், அதுல ஒரு டேட்டு இருக்கும், ரெண்டும் வந்து பல்லக் காட்டிட்டு நிக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே பேர வெச்சுட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டா, எவன்யா திரும்பிப் பாப்பான்?"

வீட்டிலும் இதே கூத்துதான். சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். வெறும் 'உப்பு' என்று எழுத அவருக்குக் கை வராது; 'உப்பு, தூள்', 'உப்பு, கல்'. சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு சீட்டு. குளியலறையில் துண்டுகளுக்குக்கூட ஓரத்தில் நூலால் அடையாளம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி ஒரு நாள் அவர் கிளம்பும் நேரத்தில் முதுகில் ஒரு சீட்டை ஒட்டி அனுப்பிவிட்டாள்: 'கணவர், முன்கோபி'. சாயங்காலம் வரை அலுவலகத்தில் ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

குடும்பத்தில் அக்காவின் மகனுக்கும் குட்டி என்றுதான் செல்லப்பெயர், தம்பியின் மகளுக்கும் குட்டி என்றுதான். எல்லாரும் கூடியிருக்கும்போது யாராவது "குட்டி" என்றால் இரண்டும் ஓடி வரும், இல்லாவிட்டால் இரண்டும் வராது. இவர் மட்டும் "அக்கா குட்டி", "தம்பி குட்டி" என்று தெளிவாகக் கூப்பிடுவார். "ஏன்டா, சொந்தப் புள்ளைங்களுக்கே இனிஷியல் போட்டுக் கூப்பிடுற?" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த அக்காவின் கணவருக்குத்தான் நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது. கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தாலே அத்தானுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். இரவும் பகலும் மூக்கில் குழாய். சிலிண்டர் இவருடைய நிறுவனத்திலிருந்துதான் போகிறது. சிலிண்டர் அக்கா வீட்டுக்கு, பில் இவர் வீட்டுக்கு. அக்கா வேண்டாம் வேண்டாம் என்றபோதும் சண்டை போட்டு இவராக எடுத்துக்கொண்ட பொறுப்பு அது.

இவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவரைச் சொல்லாவிட்டால் இவரைப் பற்றிச் சொன்னதாகாது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயது, மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து தின்கிறவர்கள். எந்த வேலையையும் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவதால் அவருக்குச் 'சட்டுபுட்டு' என்று பெயர். நல்ல மனுஷர். ஆனால் ஒரே பெயரில் இரண்டு பத்தி வந்து கணினி முரண்டு பிடித்தால் அவரிடம் ஒரே ஒரு வைத்தியம்தான் உண்டு: ஒரு பெயருக்குப் பின்னால் ஒன்று என்று எண் போடுவது. டேட் இருக்கிறதா, டேட்1. மறுபடி முரண்டா, டேட்11. சிவப்பு எழுத்து மறைந்துவிடும், அவரும் டீ குடிக்கப் போய்விடுவார்.

"யோவ், இந்த டேட் பதினொண்ணு எந்த டேட்டு?"

"வேற டேட்டுப்பா."

"வேறன்னா?"

"முதல் டேட்டு இல்லாதது."

இப்படி ஒரு பதிலைக் கேட்டுவிட்டு ஒரு மனிதன் எப்படிச் சும்மா இருக்க முடியும்? நட்சத்திரம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவார். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன விஷயம் அது. பத்திக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசிக்கிற நேரத்தில் அது என்ன பத்தி என்றும் யோசித்தாக வேண்டும். எண்ணைப் போட்டுவிட்டால் யோசிக்காமலே தப்பித்துவிடலாம். அதுதான் அவருக்கு எரிச்சல்.

போன மாதம் நிர்வாகத்துக்கு ஒரு ஞானோதயம் வந்தது. ஊழியர்களுக்குள் ஒற்றுமை போதவில்லையாம். ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து ஓர் ஆளையும் வரவழைத்துவிட்டார்கள். சட்டுபுட்டு முதுகுவலி என்று சொல்லித் தப்பித்து அலுவலகத்திலேயே இருந்துகொண்டார். நட்சத்திரத்துக்குத் தப்பிக்கத் தெரியவில்லை. சட்டையில் பெயர்ச் சீட்டைக் குத்தி, கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாயச் சொன்னார்கள். பின்னால் நிற்பவர்கள் தாங்கிப் பிடிப்பார்களாம்.

"எதுக்குச் சாயணும்?" என்றார் நட்சத்திரம்.

"நம்பிக்கை வளரும் சார்."

"நேரா நின்னா வளராதா?"

பயிற்சியாளர் பதில் தேடிக்கொண்டிருந்தபோது செல்பேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, நம்ம வாசல்ல சிலிண்டர் இறக்கிட்டுப் போயிருக்காங்க. உங்க கம்பெனி வண்டிதான். நம்ம வீட்ல யாருக்குங்க மூச்சு முட்டுது, எனக்கா?"

அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நொடியே சிரிப்பு நின்றுவிட்டது. சிலிண்டர் விஷயத்தில் அவர் வீட்டு முகவரியை வைத்திருப்பது பில் பிரிவு மட்டும்தான். பில் போக வேண்டிய முகவரிக்குச் சிலிண்டர் போயிருக்கிறது என்றால், சிலிண்டர் போக வேண்டிய வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை. அத்தானுக்கு மட்டுமா இப்படி, இன்னும் எத்தனை பேருக்கு? சாயச் சொன்னவரை அப்படியே விட்டுவிட்டு, சட்டையில் பெயர்ச் சீட்டோடு படியிறங்கி ஓடினார்.

ஓடிக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டார்.

"பெரிய சிலிண்டர் காலைலயே தீந்துடுச்சுடா. அவசரத்துக்கு வெச்சிருந்த சின்னத மாட்டியிருக்கேன். வண்டி கிளம்பிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, இன்னும் வண்டியக் காணோம்."

"வந்துடும்க்கா."

"எப்படா?"

"வந்துடும்" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு வைத்தார்.

அலுவலகத்தில் சட்டுபுட்டு உற்சாகமாக உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, அதுக்குள்ள விட்டுட்டாங்களா? காலைல ஒரு எரர் வந்துச்சு. உன்னத் தொந்தரவு பண்ண வேணாமேன்னு நானே முடிச்சுட்டேன்."

"என்ன எரர்?"

"நம்ம டூப்ளிகேட் காலம் நேம்தான். அட்ரஸ்."

நடந்தது இதுதான். ஒவ்வொரு நாள் காலையிலும் பில் அட்டவணையையும் நோயாளி அட்டவணையையும் ஒட்டி, ஓட்டுநர்களின் செல்பேசிக்கு அன்றைய வேலையை அனுப்புவார்கள். அந்த ஒட்டு வேலையை எப்போதோ யாரோ நட்சத்திரக் குறி போட்டு எழுதி வைத்திருந்தார்கள். மாற்றி எழுத வேண்டும் என்று இவர் கத்தாத நாளில்லை. ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்று மேலிடம் தடுத்துக்கொண்டே இருந்தது. அதுவரை பில் அட்டவணையில் முகவரியே கிடையாது; பில் பிரிவினர் அதைத் தனியாக ஒரு நோட்டில் வைத்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் பில் பிரிவினர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அதிலும் 'அட்ரஸ்' என்று ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டார்கள். காலையில் இரண்டும் மோதிக்கொண்டன. கணினி முடியாது என்று நின்றது. பாவம், அது ஒன்றுதான் அன்று ஒழுங்காக வேலை செய்தது.

"என்னய்யா பண்ண?" என்றார் நட்சத்திரம்.

"ஒண்ணு போட்டேன்."

"எந்த அட்ரசுக்குப் போட்ட?"

சட்டுபுட்டு திரையை எட்டிப் பார்த்தார். "ரெண்டாவதா இருந்ததுக்கு."

இரண்டாவதாக இருந்தது நோயாளியின் முகவரி. அது 'அட்ரஸ்1' ஆகிவிட்டது. ஓட்டுநர்களின் செல்பேசி தேடுவது வெறும் 'அட்ரஸ்'; அந்தப் பெயரில் இப்போது உட்கார்ந்திருந்தது பில் முகவரி. தங்கள் பில்லைத் தாங்களே கட்டுகிறவர்களுக்கு இரண்டும் ஒரே வீடு, அதனால் காலையிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. மகளோ தம்பியோ மைத்துனனோ பில் கட்டுகிற நோயாளிகளுக்குத்தான் சிலிண்டர் எங்கெங்கோ போயிருந்தது.

"எரர் போயிடுச்சேப்பா!" என்றார் சட்டுபுட்டு. அவருக்கு இன்னும் முழுதாக உறைக்கவில்லை.

"எரர் போச்சுய்யா. அது கூடவே சிலிண்டரும் போச்சு. எங்க வீட்டு வாசல்ல நிக்குது எங்க அத்தானோட சிலிண்டர். அவரு அங்க சின்ன சிலிண்டர்ல மூச்சு விட்டுட்டிருக்காரு. போ, போய் டிரைவருங்களக் கூப்பிடு. எவனையும் எதையும் இறக்க வேணாம்னு சொல்லு."

சட்டுபுட்டு கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் ஓர் ஓட்டுநரின் குரல் அறைக்கே கேட்டது. "காலைல போ போன்னு விரட்டுனீங்க. இப்ப நில்லுங்குறீங்க. நான் நடுரோட்ல வண்டிய வெச்சுட்டு என்ன சார் பண்றது, பாட்டுப் பாடவா?"

மேலாளர் அம்மா தன் அறையிலிருந்து ஓடி வந்தார். "எவ்வளவு நேரம் ஆகும்? சும்மா பேர மாத்திப் போட்டா முடிஞ்சுதுல்ல?"

"பேர மாத்திப் போட்டுத்தான்மா இங்க வந்து நிக்கிறோம்!"

அவர் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மேலாளர் அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். நட்சத்திரம் கண்ணாடியைத் துடைத்தார். நட்சத்திரக் குறியை அழித்தார். ஒவ்வொரு பத்தியையும், அது எந்த அட்டவணையைச் சேர்ந்தது என்பதோடு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஓட்டுநர்கள் தேடுகிற பெயரை நோயாளியின் முகவரிக்கே திருப்பிக் கொடுத்தார். மற்றதற்கு 'பில் அட்ரஸ்' என்று பெயர் வைத்தார். இரண்டு தரம் தப்பாக அடித்து, அழித்து, தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி அடித்தார். அவசரம் அவசரம் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டாலும் ஒரு பத்தியைக்கூட அவர் பார்க்காமல் தாண்டவில்லை.

பிறகு இரண்டு முகவரியும் வேறு வேறாக இருக்கிற நோயாளிகளை மட்டும் கேட்டார். யாருக்குச் சீக்கிரம் தீருமோ அவர் முதலில் வரட்டும் என்று கேட்டார். திரையில் வந்தது.

முதலில் நின்றது அத்தான் இல்லை. ஒரு தையல்காரர். அவருடைய பெரிய சிலிண்டர் எந்த நேரமும் தீரலாம். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளும் சின்ன சிலிண்டர் அவரிடம் இல்லை. புதிய சிலிண்டர் ஊரின் மறுகோடியில் அவருடைய மகள் வீட்டு வாசலில் இறங்கியிருந்தது. வண்டிகள் எல்லாமே அவர் தெருவிலிருந்து தூரத்தில். தையல்காரரின் வீடு இருந்த தெருவை நட்சத்திரம் இரண்டு தரம் படித்தார். அது அவர் வீட்டுக்குப் பின்தெரு.

சட்டுபுட்டு தோளுக்குப் பின்னால் வந்து நின்று, அவரும் பார்த்தார். நட்சத்திரத்தின் காதருகே குனிந்தார். "உங்க வாசல்ல இருக்கறது உங்க அத்தானோடதுப்பா. வீட்ல சொல்லி ஒரு வண்டியில ஏத்தி அக்கா வீட்டுக்கு அனுப்பிடு. இந்தத் தையல்காரருக்கு வண்டி திரும்பி வரட்டும். யாரு கேக்கப்போறா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. செய்த தப்பை எப்படியாவது நண்பனுக்கு மட்டுமாவது நேர் செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு. நட்சத்திரத்துக்கும் அதே ஆசைதான். அப்படியே செய்துவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் பறந்தது. அத்தான் இவர் கல்யாணத்துக்கு ஓடி ஓடி உழைத்த மனுஷன். அக்கா அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். மனைவியைக் கூப்பிட்டார்.

"மாடி வீட்டுக்காரர் கார் இருக்கா?"

"இருக்கு. அண்ணி வீட்டுக்குத்தானே? நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும், அவரக் கூப்பிட்டு ஏத்தியாச்சு."

"அண்ணி வீட்டுக்கு இல்ல. பின்தெருவுல, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு தையல்காரர் இருக்காரு. அவருக்கு."

மறுமுனையில் கார்க் கதவு திறக்கும் சத்தம்.

"கேக்குதா?"

"கேக்குது. அண்ணிக்கு யாருங்க பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"அண்ணனுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"அவருகிட்ட சின்னது ஓடிட்டிருக்கு. இந்த மனுஷன்கிட்ட அதுவும் இல்ல."

அவள் சட்டென்று வைத்துவிட்டாள். செய்வாளா மாட்டாளா என்று அவருக்கே தெரியவில்லை. இருந்த வண்டிகளில் அக்கா வீட்டுக்குக் கிட்டத்தில் இருந்ததை, ஏற்றியிருக்கும் சிலிண்டர்களில் ஒன்றோடு அங்கே திரும்பச் சொன்னார். வழியில் சாலை அடைத்துக் கிடக்கிறது என்று ஓட்டுநர் புலம்பினார். மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார்கள். அப்போதுதான் மனைவி மறுபடி கூப்பிட்டாள்.

"குடுத்தாச்சு. அந்த வீட்டம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குறாங்க. அண்ணிகிட்டயும் நானே சொல்லிட்டேன். நீங்க சொல்ல மாட்டீங்க, முழுங்கிடுவீங்க."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. வெச்சுட்டாங்க."

அதற்குப் பிறகு அவர் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. ஓட்டுநரைக் கூப்பிட்டால் அவரும் எடுக்கவில்லை. மின்விசிறி ஏன் இப்படிக் கத்துகிறது என்று எரிந்து விழுந்தார். யாரோ வைத்த டீ ஆறிப்போனதற்கு எரிந்து விழுந்தார். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓட, ஜன்னலைத் திறந்து டயர் கடைக்காரரைப் பார்த்து "கொஞ்ச நேரம் நிறுத்தித் தொலைங்கய்யா" என்று கத்தினார். சட்டுபுட்டு விசைப்பலகையைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தரம், "அட்ரஸ்னுதானப்பா ரெண்டுலயும் இருந்துச்சு" என்றார்.

செல்பேசி அடித்தது. திரையில் 'அக்கா, வீடு' என்றிருந்தது.

எடுத்துக் காதில் வைத்தார். "அக்கா" என்றார். பதில் இல்லை. "அக்கா, திட்டணும்னா திட்டுக்கா. பேசு."

அவள் பேசவில்லை. மறுமுனையில் குளுகுளுவென்று ஒரு சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. பெரிய சிலிண்டரில்தான் தண்ணீர்ப் புட்டி இருக்கும். காற்று அதற்குள் குமிழி விட்டுக்கொண்டு போய்த்தான் மூக்குக்கு ஏறும். சின்ன சிலிண்டருக்குப் புட்டி கிடையாது. அக்கா செல்பேசியை அந்தப் புட்டிக்கு அருகில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் அம்மா எழுந்து நின்றார். எல்லாரும் நட்சத்திரத்தின் முகத்தையே பார்த்தார்கள். அவர் செல்பேசியைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, சட்டுபுட்டுவின் விசைப்பலகை மேல் வைத்தார்.